மஞ்சள் விளக்கு எரியும் நேரம்

வெள்ளிங்கிரியின் வீட்டில் கிரைண்டர் ஓடினால் கார் ஒதுங்கி நிற்கும். வெளியூர்க்காரர்களிடம் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் கோயம்புத்தூரில் அந்தப் பழைய மில் காலனியில் வீட்டுக்கு வீடு இதே கதைதான்.

எல்லாம் ஒட்டி ஒட்டிக் கட்டிய வரிசை வீடுகள். சுவருக்குள் ஓடும் ஒயர்கள் எந்தக் காலத்தில் போட்டவையோ, போட்டவர்களே இப்போது உயிரோடு இல்லை. பெட்ரோல் வண்டிகளை ஒழித்துக்கட்டி, ஒவ்வொரு வாசலிலும் மின்சாரக் கார் வந்து நின்றபோது, காருக்கென்று தனி லைன் கொடுங்கள் என்று காலனிக்காரர்கள் நடையாய் நடந்தார்கள். டிரான்ஸ்ஃபார்மர் தாங்காது என்று மின்வாரியத்தில் கையை விரித்துவிட்டார்கள். வீட்டில் இருக்கிற ப்ளக் பாயிண்டிலேயே மாட்டிக்கொள்ள வேண்டியதுதான் என்று ஆனது.

அதற்காக வந்ததுதான் அந்தப் பெட்டி. சோப்பு டப்பா அளவுதான் இருக்கும். ஒரு பக்கத்தை ப்ளக்கில் செருகினால் மறுபக்கத்தில் காரின் ஒயர். வீட்டுக்குள் எது ஓடுகிறது, எவ்வளவு இழுக்கிறது என்று பெட்டி கவனித்துக்கொண்டே இருந்து, மீதியைத்தான் காருக்குக் கொடுக்கும். காருக்குப் போகும்போது பச்சை விளக்கு. வீட்டுக்கு வழிவிடும்போது மஞ்சள். அந்த அரதப்பழசான ஒயரில் காரும் கிரைண்டர் மாதிரிப் பெரிய மெஷினும் ஒரு நொடி சேர்ந்து ஓடினால்கூடச் சூடு ஏறிவிடும் என்பதால், பெட்டி இன்னொன்றும் கற்றுக்கொண்டது. வீட்டில் யார் எப்போது எதைப் போடுவார்கள் என்று சில வாரங்களில் படித்துவைத்துக்கொண்டு, சுவிட்சைத் தட்டுவதற்குக் கொஞ்சம் முன்பே ஒதுங்கிவிடும்.

வெள்ளிங்கிரியின் மனைவி சுலோச்சனாவுக்கு முதலில் இது பிடிக்கவில்லை.

“ஏனுங்க, இந்த டப்பா என்னைய வேவு பாக்குதுங்களா?” என்று கேட்டாள்.

பிறகு ஒருநாள் விடியற்காலையில் மாவாட்ட எழுந்தவள், வாசலில் மஞ்சள் விளக்கு தனக்கு முன்பே எரிந்துகொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, படுத்திருந்த புருஷனை உலுக்கி எழுப்பினாள்.

“கலியாணம் ஆன நாள்ல இருந்து, நான் வர்றதுக்கு முன்னாடியே எனக்காக ஒதுங்கி நின்னது இந்தக் கார் ஒண்ணுதானுங்க. வந்து பாருங்க.”

வெள்ளிங்கிரி சிரித்துவிட்டுப் புரண்டு படுத்துக்கொண்டார். அந்த வாக்கியம் பின்னால் தன்னை என்ன பாடு படுத்தப்போகிறது என்று அப்போது அவருக்குத் தெரியாது.

மார்கழியில் ஒரு மத்தியானம், துணி தேய்த்துக்கொண்டிருந்த சுலோச்சனா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அப்படியே போய்விட்டாள். காரியம் எல்லாம் முடிந்து உறவுக்காரர்கள் கிளம்பிப்போன மறுநாள், தூக்கம் வராமல் வெள்ளிங்கிரி விடியுமுன் வாசலுக்கு வந்தார். பச்சையாக எரிந்துகொண்டிருந்த விளக்கு, அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மஞ்சளானது. சமையல்கட்டு இருட்டாகத்தான் கிடந்தது. கிரைண்டர் மேல் யாரோ போட்ட துண்டு அப்படியே இருந்தது. கார் மட்டும் ஒதுங்கி நின்று அவளுக்காகக் காத்திருந்தது. அந்த மனிதர் தூணைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதார். காரியத்தில்கூட அவர் அப்படி அழவில்லை.

பெட்டிகளைச் சோதிக்க ஆண்டுக்கு ஒருமுறை நஸ்ரின் என்ற பெண் வருவாள். அந்தத் தடவை வந்தபோது வெள்ளிங்கிரி அவளிடம் விஷயத்தைச் சொன்னார். அவள் சுலோச்சனா கையால் டீ குடித்தவள்.

“மெஷினுக்குத் தெரியாதுங்களே சார், ஆள் இல்லைன்னு. மூணு மாசம் ஓட்டலைன்னா அதுவா மறந்துருமுங்க” என்றாள்.

ஆறுதலுக்குச் சொன்னதுதான். அவருக்கு அது இடியாக இறங்கியது. மூன்று மாதத்தில் அவள் இரண்டாம் தடவை போய்விடுவாள் என்றல்லவா அதற்கு அர்த்தம்?

மறுநாளே ஆரம்பித்துவிட்டார். முதலில் கிரைண்டரில் வெறும் தண்ணீரை ஊற்றி ஓட்டினார். விளக்கு மஞ்சளாகி, கொஞ்ச நேரத்திலேயே பச்சைக்குத் திரும்பிவிட்டது. ஏமாற்ற முடியவில்லை. சரி என்று அரிசியும் உளுந்தும் ஊறப்போட்டார். விடியுமுன் எழுந்து, வாசல் லைட்டைப் போட்டு மஞ்சள் வந்துவிட்டதா என்று பார்த்துக்கொண்டு, சமையல்கட்டு லைட், அப்புறம் மோட்டார், அப்புறம் கிரைண்டர், நடுவில் இரண்டு முறை நிறுத்தி மாவை வழித்துவிடுவது என்று அவள் செய்ததையெல்லாம் அவள் செய்தபடியே செய்தார். காலையில் கீசர். பத்து மணி வாக்கில், கசங்காத சட்டைகளை எடுத்து வைத்துத் தேய்த்தார். மில்லில் சூப்பர்வைசராக ஆட்களை விரட்டிய மனிதர், நல்ல மனைவியாக இருக்கப் பழகிக்கொண்டிருந்தார்.

ஒற்றை ஆள் எத்தனை இட்லி தின்ன முடியும்? மாவு காலனி முழுக்கப் போனது. கொஞ்ச நாளில் அவர் தூக்குப்போசியோடு வருவதைப் பார்த்ததுமே கதவைச் சாத்துகிறவர்களும் உண்டு.

“அண்ணா, எங்கூட்டுல தோசைன்னாலே கொழந்தைக எந்திரிச்சு ஓடுதுங்கண்ணா” என்று பக்கத்து வீட்டுப் பாக்கியம் கும்பிடு போட்டாள்.

அவர் கவலைப்படவில்லை. மூன்று மாதம் கழிந்தது, ஆறு மாதம் கழிந்தது, ஒரு வருடமும் கழிந்தது. விடியற்காலையில் மஞ்சள் விளக்கு தவறாமல் எரிந்தது. அது எரியும் அந்த ஒரு மணி நேரம் சுலோச்சனா வீட்டில்தான் இருந்தாள்.

சித்திரையில் மகள் மிருதுளா தலைப்பிரசவத்துக்கு வந்தாள். அவளை உடுமலையில் கொடுத்திருந்தது. மாப்பிள்ளை கோகுலுக்குக் காற்றாலைகளைப் பராமரிக்கும் வேலை. கட்டுச்சோறு போட்டுப் பெண்ணை அழைத்துவரும்போது, “அம்மா இல்லாத வீட்டுல எப்படிங்க பாத்துக்குவீங்க?” என்று சம்பந்தியம்மா கேட்டார். “கண்ணுல வெச்சுப் பாத்துக்கறனுங்க” என்று வெள்ளிங்கிரி சொன்னார். சொன்னதை மனதாரத்தான் சொன்னார்.

வெயில் கொளுத்திய மாதம் அது. நிறைமாத வயிற்றோடு மிருதுளாவால் ஏசி இல்லாமல் படுக்க முடியவில்லை. இரவெல்லாம் ஏசிக்கு வழிவிட்ட கார், விடிந்தால் கிரைண்டருக்கு வழிவிட்டது, பிறகு கீசருக்கு, பிறகு இஸ்திரிப் பெட்டிக்கு. நடுவில் கிடைத்த பொழுதில் ஏறியதுதான் சார்ஜ்.

“அப்பா, கார்ல பாத்தீங்களா? கால்வாசிகூட ஏறலைங்க” என்றாள் மிருதுளா ஒருநாள்.

“ஏறும் கண்ணு. வெயில் காலத்துல அப்பிடித்தான்.”

“எங்கீங்கப்பா ஏறும்? நஸ்ரின் கிட்ட போன்ல கேட்டேன். பெட்டியில இருக்கற பழசை எல்லாம் அழிச்சுட்டு, காருக்குத்தான் மொதல்லன்னு சொல்லி வெச்சுக்கலாமாம். நாள் வேற நெருங்குது. அழிச்சுருங்கப்பா.”

வெள்ளிங்கிரி வாங்கிவந்த நுங்கைத் தோல் உரித்துக்கொண்டே இருந்தார்.

“உங்கம்மா அதுல இருக்கறா சாமி.”

மிருதுளாவுக்குப் புரியவில்லை. மறுநாள் விடியுமுன் அவளைக் கையைப் பிடித்து மெதுவாக வாசலுக்கு அழைத்துவந்து காட்டினார். வீடே அசையாமல் கிடக்க, பச்சை மஞ்சளானது. அவர் எல்லாவற்றையும் சொன்னார், தண்ணீர் ஊற்றி ஏமாற்றப் பார்த்தது உட்பட. மகள் பாதி சிரிப்பும் பாதி அழுகையுமாக அவர் தோளில் சாய்ந்துகொண்டாள்.

“இருக்கட்டுங்கப்பா. அம்மா இருக்கட்டும். நான் ஏசியக் கொறச்சுக்கறேன்.”

அதற்குப் பிறகு அவள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. அப்பாவும் பெண்ணுமாகச் சேர்ந்து முடிவெடுத்துவிட்டார்கள்.

கோகுல் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தபோது பால் பாட்டில்களை ஆவியில் வைத்துச் சுத்தம் செய்யும் சின்னப் பாத்திரம் ஒன்று வாங்கிவந்தான். ப்ளக்கில் மாட்டுவது. மிருதுளாவுக்கு அது ஒரு விளையாட்டுப் பொருள் மாதிரி ஆகிவிட்டது. தினமும் சாயங்காலம் தெருவிளக்கு எரியும் நேரத்தில், இரண்டு பாட்டில்களைக் கவிழ்த்து வைத்து ஓட்டிப் பார்ப்பாள்.

“பழகிக்கறேங்கப்பா” என்பாள்.

சில நாளில் அந்த நேரத்துக்கும் மஞ்சள் வர ஆரம்பித்தது. அன்றைக்கு அவள் போட்ட கூச்சலில் பாக்கியம் என்னவோ ஏதோ என்று ஓடி வந்துவிட்டாள்.

“அப்பா, பாருங்க, பாருங்க! பாப்பா இன்னும் வரவேயில்லை, அதுக்குள்ள பாப்பாவுக்கு ஒதுங்குது!”

வலி குறித்த நாளுக்கு முன்பே வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை பெரிய ரோட்டில் இருக்கும் சார்ஜ் நிலையத்துக்குப் போய் வரிசையில் நின்று நிரப்பிக்கொள்ளலாம் என்று வெள்ளிங்கிரி நினைத்திருந்தார். வலி வந்ததோ புதன்கிழமை காலையில், அவர் அப்போதுதான் ஆட்டி முடித்த மாவை வழித்துக்கொண்டிருந்தபோது. கையில் மாவோடு ஓடினார். மிருதுளா கட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வயிறு கல்லாக இறுகியிருந்தது. கால் வழியாக ரத்தம் வந்தது.

காரில் இருந்த சார்ஜ் ஆஸ்பத்திரி வரைக்கும் தாங்கும் என்றுதான் திரை சொன்னது. வழக்கமான வழியாகப் போயிருந்தால் தாங்கியும் இருக்கும். ஏதோ கோயில் தேர் என்று ரோட்டை அடைத்து, வண்டிகளை எல்லாம் சுற்றிப் போகச் சொல்லிவிட்டார்கள். நெரிசலில் நகர்ந்து நகர்ந்து மேம்பாலத்தின் ஏற்றத்தில் பாதி ஏறியபோது கார் சோர்ந்தது. பிறகு நின்றது.

“அப்பா” என்றாள் மிருதுளா பின்சீட்டிலிருந்து. அவ்வளவுதான்.

முகம் தெரியாத நாலைந்து பேர் காரை ஓரமாகத் தள்ளினார்கள். யாரோ ஆம்புலன்சுக்குப் பேசினார்கள். அதுவும் அதே நெரிசலைத் தாண்டித்தானே வர வேண்டும்? வெயிலில் ரோட்டின் நடுவே நின்றுகொண்டு, காய்ந்துபோன மாவு ஒட்டியிருந்த தன் கைகளை வெள்ளிங்கிரி பார்த்துக்கொண்டே இருந்தார்.

பெண் குழந்தை. சத்தமே இல்லாமல் பிறந்தது.

“நஞ்சுக்கொடி முன்னாடியே பிரிஞ்சிருச்சுங்கய்யா. இதுல ஒவ்வொரு நிமிஷமும் கணக்கு. ஆனா சீக்கிரம் வந்திருந்தாலும் காப்பாத்தியிருப்போம்னு உறுதியாச் சொல்ல முடியாது” என்றார் டாக்டரம்மா. அவர் சொன்ன ஆறுதல் வெள்ளிங்கிரியின் காதில் ஏறவே இல்லை. நிமிஷம் என்ற சொல்லோடு அவருக்குக் காது அடைத்துவிட்டது.

யாரும் அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கோகுல் கேட்கவில்லை, சம்பந்தியம்மா கேட்கவில்லை. யாராவது சட்டையைப் பிடித்து உலுக்கியிருந்தால் அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும். கோகுல் சில நாள் இருந்துவிட்டு வேலைக்குத் திரும்பினான். உடம்பு தேறட்டும் என்று மிருதுளா இங்கேயே தங்கினாள். பால் கட்டிக்கொண்டு இரவில் முனகுவாள். அவர் கதவுக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டிருப்பார். ஒரு தாய் இருந்தால் உள்ளே போயிருப்பாள். அவரால் போக முடியவில்லை.

கிரைண்டரை அவர் தொடவே இல்லை. ஆனாலும் விடிந்தால் மஞ்சள் வந்தது. அதைப் பார்க்கப் பார்க்க அவருக்கு முதன்முதலாக மனைவி மேல் கோபம் வந்தது. நீ ஒதுங்கியிருக்கக் கூடாதா, உன் பேத்திக்காக ஒரே ஒரு நாள் ஒதுங்கியிருக்கக் கூடாதா என்று மனசுக்குள் சண்டை போட்டார். பிறகு நஸ்ரினுக்குப் போன் போட்டார்.

அவள் மத்தியானமே வந்துவிட்டாள். மிருதுளா உள்ளே தூங்கிக்கொண்டிருந்தாள்.

“அழிச்சுரு அம்மிணி” என்றார்.

“எதைங்க சார்?”

“என்ற சம்சாரத்தை.”

நஸ்ரின் பெட்டியைக் கழற்றிக் கையில் இருந்த கருவியோடு இணைத்தாள். வெகுநேரம் பார்த்தாள். நிமிர்ந்தபோது அவள் முகத்தில் குழப்பம் இருந்தது.

“இதுல ரெண்டு ஆள் இருக்காங்க சார். ரெண்டுமே அம்மா இல்லீங்க.”

“அதெப்பிடி? நான் ஒரு நாள் விட்டதில்லையே. அவ ஆட்டற மாதிரியேதான் ஆட்டினேன்.”

“அம்மாவோடது போன வருஷமே அழிஞ்சிருச்சுங்க. அவங்க போய் மூணு மாசத்துல.” கருவியை மறுபடி பார்த்துவிட்டுக் கேட்டாள். “சார், காலையில எந்திரிச்சதும் மொதல்ல வாசல் லைட்டப் போடுவீங்களா?”

“ஆமா. மஞ்சள் வந்திருச்சான்னு பாக்கோணுமல்ல.”

“முன்ன சோதிக்க வந்தப்ப எடுத்து வெச்ச கணக்கு எங்கிட்ட இருக்குதுங்க, அதுல அம்மா என்னிக்குமே வாசல் லைட்டப் போட்டதில்லீங்க. நேரா சமையல்கட்டுக்குத்தான் போவாங்க.” அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “பெட்டி ஆளை அடையாளம் கண்டுபிடிக்கறது இந்த மாதிரி சின்னச் சின்னதுலதானுங்க சார். நீங்க ஆட்ட ஆரம்பிச்ச கொஞ்ச நாள்லயே, இது வேற ஆள்னு தனியா எடுத்து வெச்சிருச்சு.”

“அப்ப இத்தனை நாளா அது யாருக்கு ஒதுங்கி நின்னுச்சு?”

நஸ்ரினுக்குச் சொல்ல மனசில்லை. ஆனாலும் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லத்தானே வேண்டும்?

“உங்களுக்குத்தானுங்க சார்.”

வெள்ளிங்கிரி வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். சுலோச்சனா அந்த விளக்கில் இருக்கவே இல்லை. ஒரு வருடத்துக்கும் மேலாகத் தனக்குத்தானே மாவாட்டிக்கொண்டு, தனக்குத்தானே காத்திருந்திருக்கிறார். பேத்திக்காக நிறைந்து நின்றிருக்க வேண்டிய கார், தினமும் இந்தக் கிழவனுக்கு வழிவிட்டு நின்றிருக்கிறது. செத்தவளுக்காகத்தான் என்றாவது இதுவரை சொல்லிக்கொள்ள முடிந்தது. இப்போது அந்தச் சாக்கும் போய்விட்டது.

“இன்னொரு ஆளு?” என்று கேட்டார், எதையாவது கேட்க வேண்டும் என்பதற்காக.

“மிருதுளா அக்காங்க. ஏசி அவங்க கணக்குலதான் வருது. அப்புறம் சாயங்காலம் சின்னதா ஏதோ ஒண்ணு ஓடுது. பாட்டில் சுத்தம் பண்ணுவாங்களே, அதாட்ட இருக்குது.”

“அது அப்பப் பழகறதுக்கு ஓட்டினது. இப்ப ஏது?”

“இல்லீங்களே சார். நேத்துக்கூட ஓடியிருக்குது. நடுவுல ஆஸ்பத்திரியில இருந்த நாள் போக, தெனமும் ஓடியிருக்குதுங்க.”

வெள்ளிங்கிரி மகள் படுத்திருந்த அறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். உள்ளே மின்விசிறி சுற்றும் சத்தம் மட்டும் கேட்டது.

“அழிச்சிரட்டுங்களா சார்?”

“வேண்டாம். அப்பிடியே மாட்டிரு.” எழுந்தவர் ஒரு கணம் தயங்கினார். “அம்மிணி, அவங்கம்மா அதுல இல்லைன்னு இப்பச் சொன்னியே, அத அவகிட்டச் சொல்லீராதே.”

நஸ்ரின் தலையாட்டினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு வண்டியைக் கிளப்பினாள்.

சாயங்காலம் வெள்ளிங்கிரி வழக்கமாகக் கடைவீதிக்குப் போய்விடுவார். அன்றைக்குப் போகவில்லை. தெருவிளக்கு எரியும் நேரத்தில் சமையல்கட்டில் பாத்திரம் நகரும் சத்தம் கேட்டுப் போனார். மிருதுளா இரண்டு பாட்டில்களையும் சுத்தமாகக் கழுவி, கவிழ்த்து வைத்துக்கொண்டிருந்தாள். யாரும் வாய் வைக்காத பாட்டில்கள். அப்பாவைப் பார்த்ததும், திருடி மாட்டிக்கொண்ட குழந்தைபோல் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

“மூணு மாசம் ஓட்டலைன்னா மறந்துருமுன்னு நீங்கதானுங்கப்பா சொன்னீங்க” என்றாள். “அவளுக்குன்னு வேற எதுவுமே இல்லீங்கப்பா. பேருகூட வெக்கல. இது ஒண்ணுலதான் அவ இருக்கறா.”

அவர் வாயைத் திறந்தார். அவள் அதில் இல்லை கண்ணு, அது உனக்குத்தான் ஒதுங்குகிறது, நானும் இப்படித்தான் ஏமாந்தேன், அந்த ஏமாற்றத்தில்தான் உன் குழந்தையைக் கொன்றேன் என்று சொல்ல வந்தார். சொல்லியிருந்தால் அவருக்குப் பாரம் குறைந்திருக்கும். அவளுக்கு?

“ஓட்டு சாமி” என்றார். “நான் போய் விளக்கப் பாக்கறேன்.”

வாசலுக்கு வந்தார். இருட்டத் தொடங்கியிருந்தது. பழக்கத்தில் கை வாசல் லைட்டின் சுவிட்சுக்குப் போனது. தொடாமல் எடுத்துக்கொண்டார். கார் அசையாமல் நின்றது. பெட்டியில் பச்சை எரிந்துகொண்டிருந்தது. அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். பச்சை போய் மஞ்சள் வந்தது.

“வந்துருச்சுங்களாப்பா?” என்று உள்ளேயிருந்து மகள் கேட்டாள்.

“வந்துருச்சு கண்ணு” என்றார் வெள்ளிங்கிரி. “பாப்பாவுக்குத்தான்.”